மசாலா தடவிக் கப்பலேற்றிய கோழி

என் கணவரைக் கேம்பல் பே என்ற இடத்துக்கு மாற்றினார்கள். தீவுகளில் தெற்குக் கோடியில் இருக்கும் ஊர் அது. போர்ட் பிளேரில் கப்பல் ஏறினால், நடுவில் ஒவ்வொரு தீவாக நின்று நின்று போய், கடல் நன்றாக இருந்தால் மூன்றாம் நாள்தான் இறங்க முடியும். தூத்துக்குடியில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "என்ன ஊருடி, பேயா?" என்று கேட்டாள்.

அவர் கட்டட வேலை, ரோடு வேலைகளைப் பார்க்கும் ஜூனியர் இன்ஜினியர். நான் டெலானிபூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். எங்கள் குவார்ட்டர்ஸ் அங்கிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், ஒரு மேட்டில் இருக்கிறது. மகள் அப்போது பத்தாம் வகுப்புக்குப் போயிருந்தாள். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் மாற்றலைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. இவர் கேட்கவில்லை. அதையும் அவர் வாயால் நான் தெரிந்துகொள்ளவில்லை. அவருடைய அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி, பஸ்ஸுக்கு நிற்கும்போது பேச்சுவாக்கில் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கேட்டேன். "ஏன் எழுதிக் குடுக்கல?"

"என்னைக்கிருந்தாலும் போய்த்தான் ஆகணும். இப்பவே போயிட்டு வந்துட்டா அப்புறம் தொல்ல இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் கிளம்பிய அன்று கப்பல் நிற்கும் ஜெட்டிக்கு மகள் மட்டும் போய்விட்டு வந்தாள். எனக்கு அலுவலகத்தில் ஆடிட் இருந்தது உண்மைதான். இல்லாவிட்டாலும் போயிருப்பேனா என்று தெரியாது.

அதற்குப் பிறகு தினமும் போன் மட்டும் வரும். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். என்ன சாப்பாடு, தால் சாவல், அதே பருப்பும் சோறும். மழையா, மழைதான். பிள்ளை படிக்கிறாளா, படிக்கிறாள். கடலுக்கு அடியில் கேபிள் வந்த பிறகு அங்கேயும் சிக்னல் பரவாயில்லை. ஆனால் எங்களுக்குப் பேச விஷயம்தான் இல்லை. கல்யாணமான புதிதில், மெயின்லேண்டிலிருந்து நான் வந்து இறங்கி, இந்தி தெரியாமல் ஜங்லிகாட் மார்க்கெட்டில் முழித்துக்கொண்டு நின்ற காலத்தில், அந்த மனுஷன் ராத்திரி பகலாக என்னிடம் பேசிக்கொண்டிருப்பார். எங்கே எப்போது அது நின்றது என்று யோசித்தால் எனக்குப் பிடிபடவில்லை.

ஒருநாள் அவராகவே ஒரு விஷயம் சொன்னார். கப்பல் வராததால் அங்கே கடைகளில் ஒன்றுமில்லை. முட்டையும் டின் மீனும்தான். கூட இருக்கும் பெங்காலி இன்ஜினியரும் இவரும் சேர்ந்து யாரிடமோ ஒரு சேவலை வாங்கி அடித்திருக்கிறார்கள்.

"குக்கர்ல விசில் விட்டுக்கிட்டே இருந்தோம். அப்படியும் மெல்ல முடியல. ரப்பர் மாதிரி இருந்துச்சு. கடைசியில குழம்ப மட்டும் ஊத்திச் சாப்பிட்டோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் சொன்னேன். "மசாலா போட்டு ஊற வச்சு, ஐஸ் வச்சுக் குடுத்து விடட்டுமா? நீங்க பொரிச்சா மட்டும் போதும்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "அனுப்பு" என்றார்.

பத்துபஸ்தியில் ஓர் அக்கா நாட்டுக்கோழி வளர்க்கிறார். அவருடைய அப்பா அம்மா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து, கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சுனாமிக்குப் பிறகு அக்கா போர்ட் பிளேருக்கு வந்துவிட்டார். வெகுநாளாக அவரிடமே வாங்குகிறேன் என்பதால் எனக்கு எப்போதும் நல்ல கோழியாகப் பார்த்துக் கொடுப்பார். அவரிடம் முட்டை நின்றுபோன ஒரு பெட்டைக்கோழியை வாங்கினேன். வயதான கோழிக்கு ருசி அதிகம், ஆனால் சதை கெட்டி. மசாலாதான் அதைப் பதப்படுத்த வேண்டும்.

நான் செய்யும் விதம் இதுதான். கழுவிய துண்டங்களை முதலில் உப்பும் மஞ்சளும் போட்டு நன்றாகத் தேய்த்து, ஓட்டைக் கூடையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். சதைக்குள் இருக்கும் தண்ணீர் சிவப்பாக இறங்கி அடித்தட்டில் நிற்கும். அதைக் கொட்டிவிட்டு, துண்டங்களை ஒவ்வொன்றாக வெள்ளைத்துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் எந்த மசாலாவும் நிற்காது. இஞ்சி, பூண்டு, காய்ந்த மிளகாய், மிளகு, பட்டை, கிராம்பு, ஒரு சுரண்டல் ஜாதிக்காய். பட்டையும் கிராம்பும் ஜாதிக்காயும் இங்கேயே விளைகின்றன, வாசனை மூக்கைத் துளைக்கும். எல்லாவற்றையும் தண்ணீர் விடாமல் வினிகர் விட்டே அரைப்பேன். கடைசியில் தோலோடு துருவிய பப்பாளிக்காய். அது மட்டும் கை நிதானம். கொஞ்சம் கூடிவிட்டால் சதை நார்நாராகப் போகாமல் கூழாகப் போய்விடும். அந்த வயதான கோழிக்கு ஒரு கரண்டி போதும். எல்லாம் பிசைந்து, மேலே நல்லெண்ணெய் ஊற்றி மூடி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவிட்டு, மறுநாள் ஃப்ரீசருக்கு மாற்றினால் கல்லாக உறைந்துவிடும். ஜங்லிகாட் மீன்காரர்கள் இறாலைப் பெட்டி கட்டுகிற தெர்மாகோல் டப்பா ஒன்று வாங்கி, உடைத்த ஐஸைச் சுற்றிலும் திணித்து டேப் ஒட்டி அனுப்பினேன்.

உப்பும் மஞ்சளும் வினிகரும் போட்டால் கறி கெடாது என்று எல்லோரும் சொல்வார்கள். கெடுவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கறியைக் காப்பாற்றுவது குளிர்தான். அது எனக்குத் தெரிந்திருந்ததால்தான் ஐஸுக்கு அவ்வளவு பாடுபட்டேன்.

முதல் டப்பா நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. பொரித்த கறியைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். ஓரமெல்லாம் கருகியிருந்தது. "எலும்பு தனியா கழண்டு வருது" என்றார். பெங்காலி இன்ஜினியர் பின்னாலிருந்து, "பாபி, ஏக் தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று கத்தினார்; அவருக்கு நான் பாபி, அதாவது அண்ணி. அன்று என் கணவர் வெகுநேரம் பேசினார். அவர்கள் போடும் ரோடு ஒவ்வொரு மழைக்கும் சரிந்துபோவதைப் பற்றி, குவார்ட்டர்ஸ் பின்னால் வரும் நண்டுகளைப் பற்றி. மகளிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அவளிடமும் பேசினார். இரண்டாவது டப்பாவும் அப்படித்தான் போனது. எனக்குள் ஏதோ இளகியது. ஒரு கோழி செய்கிற வேலையா இது என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

அக்காவிடம் இன்னொரு பெட்டையை வாங்கி அடுத்த டப்பாவை அனுப்பியபோது மழைக்காலம் வலுத்துவிட்டது. லீவு முடிந்து திரும்பும் அவருடைய ஆபீஸ் ஆள் ஒருவரிடம், ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் வைத்துக் கொடுத்தேன். கப்பல் கிளம்பிவிட்டது. ஆனால் நடுவழியில் கமோர்ட்டா தீவில் போய் நின்றது. கடல் கொந்தளிப்பு, மேலே போக முடியவில்லை என்றார்கள். அன்றும் நின்றது, மறுநாளும் நின்றது. அலுவலகத்தில் உட்கார்ந்து ஐஸ் உருகுவதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கப்பல் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்ததும் அவர் போன் செய்தார். "டப்பா வந்துருச்சு. ஐஸ் எல்லாம் தண்ணியாயிருச்சு."

"கறி எப்படி இருக்கு?"

"ஜில்லுன்னுதான் இருக்கு."

"கல்லா இருக்கா, தொளதொளன்னு இருக்கா?"

"மேல இளகிருக்கு. நடுவுல கல்லாத்தான் இருக்கு."

"மோந்து பாருங்க."

"மசாலா வாசம்தான் வருது."

கிராம்பும் பூண்டும் வினிகரும் சேர்ந்த அந்த வாசனைக்குக் கீழே வேறு எது இருந்தாலும் தெரியாது. "சந்தேகமா இருந்தா தூக்கிப் போட்டுருங்க. அடுத்த கப்பல்ல வேற அனுப்புறேன்" என்றேன்.

"இவ்வளவு தூரம் வந்ததத் தூக்கிப் போடவா? நல்லாத்தான் இருக்கு. விடு" என்றார்.

அன்றே பொரித்துச் சாப்பிட்டிருக்கிறார். மறுநாள் காலையில் நானே போன் செய்து, வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எரும மாதிரி இருக்கேன்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அதற்கடுத்த நாள் மத்தியானம் அவருடைய நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது பெங்காலி இன்ஜினியர்.

"பாபி, தாதாவுக்கு வயித்துல பஹுத் தர்த், ரொம்ப வலி. வாமிட் நிக்கல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கேன். டிரிப் போட்டிருக்காங்க. ஃபுட் பாய்சனா இருக்கலாம்னு சொல்றாங்க." என் கணவரை அவர் அண்ணன் முறையில் தாதா என்றுதான் கூப்பிடுவார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். அந்தத் தமிழில், 'ஃபுட் பாய்சன்' என்ற இரண்டு வார்த்தை மட்டும் சுத்தமாகக் கேட்டது. நான் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். மழையில் டவர் விழுந்துவிட்டதா, கேபிள் போய்விட்டதா, யாருக்கும் தெரியவில்லை. அந்தத் தீவு முழுவதற்கும் லைன் இல்லை என்றார்கள்.

எப்படியோ தூத்துக்குடிக்குச் செய்தி போய்விட்டது. மாமியார் கூப்பிட்டார்.

"என்னத்தம்மா குடுத்து விட்ட அவனுக்கு?"

"கோழிக்கறி அத்த. மசாலா போட்டு, ஐஸ் வச்சு..."

"பச்சக்கறியையா கப்பல்ல குடுத்து விட்ட? எத்தன நாளு கெடந்துச்சு அது?"

எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். வாயில் வரவில்லை.

"நான் ஒன்னயக் கொற சொல்லல. வயித்துக்குப் பிடிக்காததக் குடுத்திருக்கியேன்னுதான் கேக்கேன்" என்று சொல்லி அவர் அழ ஆரம்பித்தார். அந்த அழுகையைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன்.

அந்தக் கோழியில் பாதியைத்தான் அனுப்பியிருந்தேன். மீதிப் பாதி, அதே மசாலாவில் ஊறியது, என் ஃப்ரீசரில் ஒரு டப்பாவில் இருந்தது. அதை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தேன். அது கப்பலில் எப்படி இளகியிருக்குமோ அப்படி இளகட்டும், பிறகு பொரித்து நானே சாப்பிட்டுப் பார்த்துவிடுவது என்று எனக்குள் ஒரு தீர்மானம் வந்திருந்தது. அப்போது அது சரியாகத்தான் தோன்றியது. எனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் அவருக்கும் அதனால் இல்லை. ஆகிவிட்டால் ஆகட்டும். டப்பா வியர்த்து மேடையில் தண்ணீர் தேங்கியது. மூடியைத் திறந்து மோந்தேன். மசாலா வாசனைதான் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் மோந்தேன். அதே வாசனைதான். மூக்கை எவ்வளவு கிட்டே கொண்டுபோனாலும் அந்த வாசனை என்னை உள்ளே விடவில்லை. நானே அரைத்த மசாலா எனக்கே ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது.

டியூஷனிலிருந்து மகள் வந்தாள். டப்பாவையும், பக்கத்தில் நான் எடுத்து வைத்திருந்த வாணலியையும் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"இத எதுக்கும்மா வெளிய வச்சிருக்க?"

"சும்மாதான்."

"சாப்பிட்டுப் பாக்கப் போறியா?"

அவள் புத்தகப் பையைக் கூட இறக்கவில்லை. "அப்பா அங்க படுத்திருக்கு. நீயும் படுத்துட்டா நான் என்னம்மா பண்ணுவேன்?" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழையில் நனைந்துகொண்டே குவார்ட்டர்ஸ் பின்னால் இருக்கும் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு, அங்கேயே கொஞ்சநேரம் நின்றாள். நாய்கள் வந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு தகரத்தை இழுத்து மேலே மூடினாள். அவள் திரும்பி வந்ததும் தலையைத் துவட்டிவிட்டேன். இரண்டு பேரும் அன்று கஞ்சிதான் குடித்தோம்.

மறுநாள் காலையில் பத்துபஸ்தி அக்கா ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். யார் அவரிடம் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வாசலில் நின்றபடியே, "தங்கச்சி, என் கோழிக்கு ஒரு நோவும் இல்ல. அந்தப் பெட்டையோட கூடப்பொறந்தத அன்னிக்கே நாங்க அறுத்துச் சாப்பிட்டோம். எங்க வீட்டுல எல்லாரும் டீக் தான், நல்லாத்தான் இருக்கோம். வேணும்னா வந்து பாரு" என்றார்.

"நான் உங்களை ஒண்ணும் சொல்லலியேக்கா."

"நீ சொல்ல மாட்ட. சொல்றவங்க சொல்றாங்களே. கோழி சீக்குக்கோழின்னு ஜங்லிகாட்ல பேசுறாங்க."

அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். ஒரே கோழியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். போகும்போது, "பரேஷான் ஆகாத, கவலப்படாத. வந்துருவாரு" என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் என் அலுவலகத்துக்குப் போன் வந்தது; தீவிலிருந்து வயர்லெஸ்ஸில் வந்த செய்தியை அவருடைய ஆபீஸிலிருந்து சொன்னார்கள். வலி இறங்கி வலதுபக்க அடிவயிற்றுக்கு வந்துவிட்டது, காய்ச்சல் ஏறுகிறது, இது வேறு விஷயமாக இருக்கும் என்று அங்கே இருந்த டாக்டருக்குப் பட்டிருக்கிறது. அவர்தான் ஹெலிகாப்டர் கேட்டிருக்கிறார். மேகம் இறங்கியிருந்ததால் ஹெலிகாப்டர் கிளம்ப முடியவில்லை. கிளம்பும் என்றார்கள், இல்லை என்றார்கள், பிறகு கிளம்பிவிட்டது என்றார்கள். எந்தச் செய்தியை நம்புவது என்று தெரியாமல் நான் ஏர்போர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஆட்டோவில் அலைந்தேன். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸிலிருந்து இறக்கியபோது அவரை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, தாடியோடு இருந்தார். கண்ணைத் திறந்து பார்த்தார். நான் கையைப் பிடித்தேன். அனலாகச் சுட்டது.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே இந்தியில் கேட்டார். "கடைசியா என்ன சாப்பிட்டீங்க?"

அவர் மெல்லச் சொன்னார். "வீட்டுலேருந்து வந்த கறி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. திட்டுகிற பார்வையும் இல்லை. வலியில் இருக்கும் ஒரு மனுஷன், வலிக்குக் காரணமானதைத் திரும்பிப் பார்ப்பது போல ஒரு பார்வை. அது ஒரு நொடிகூட இருந்திருக்காது. அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் அந்தப் பார்வை என்னோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவியிருந்தது. ஆபரேஷன் முடிந்து வந்த டாக்டர், நல்லவேளை கொண்டு வந்தீர்கள் என்றார். நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான். அந்தக் கறியால் இது வந்திருக்குமா?

அவர் முகமூடியைக் கீழே இறக்கிவிட்டு என்னை விசித்திரமாகப் பார்த்தார். "இல்லம்மா. இது யாருக்கு வேணா எப்ப வேணா வரும். நீங்க குடுத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." அவர் தமிழிலேயே சொன்னார். அவ்வளவு நேரம் அவருக்குத் தமிழ் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பெங்காலி இன்ஜினியர் லைன் கிடைத்ததும் கூப்பிட்டார். "பாபி, மைனே பீ காயா தா. முஜே குச் நஹி ஹுவா." நானும்தான் சாப்பிட்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். தாதாவைவிட நான்தான் அதிகம் சாப்பிட்டேன் என்றும் சொன்னார். இதை அன்றைக்கே சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாராம், லைன் போய்விட்டதாம். அவர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்த ஒரு வாக்கியம் எனக்கு முன்பே கிடைத்திருந்தால் என்று மட்டும் நினைத்தேன்.

இதெல்லாம் தெளிவாகிவிட்டது. அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

மாமியார் விமானத்தில் வந்து இறங்கினார். சமையலறையை எடுத்துக்கொண்டார். மகனுக்கு அவரே ரசமும் குழைந்த சோறும் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் செய்கிறேன் என்றால், "நீ ஆபீசுக்குப் போம்மா" என்பார். ஒருநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, டாக்டர் சொன்னதை நான் மறுபடியும் சொன்னபோது, "டாக்டர் சொல்லுவாரு. வயித்த அறுக்குற வரைக்கும் போயிருக்குன்னா ஏதாவது ஒண்ணு காரணம் இருக்கும்லா" என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆரஞ்சை உரித்துக்கொண்டே சொன்னார். என் கணவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'அப்படி இல்லம்மா' என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்காக நான் அங்கேயே நின்றேன். அது வரவில்லை.

அவர் வீட்டுக்கு வந்து, தையல் பிரித்து, மாமியாரும் ஊருக்குப் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். அவர் வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மழை வெறித்து, மேட்டுக்குக் கீழே கடல் தெரிந்தது. நான் போய் எதிரில் நின்றேன்.

"ஒண்ணு கேக்கணும். அந்தக் கறியாலதான்னு நீங்க நெனச்சீங்களா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"நெனச்சேன்" என்றார். "அந்த வலியில வேற எது மேல போடுறதுன்னு தெரியல. ரெண்டு நாளும் அதேதான் மண்டைல ஓடுச்சு. இவ தூக்கிப் போடுன்னு சொன்னாளே, கேட்டிருக்கலாமேன்னும் நெனச்சேன்."

"இப்ப?"

"இப்ப இல்ல. டாக்டர் சொல்லிட்டாரே."

"டாக்டர் சொன்னதுக்கு அப்புறமும் அத்த அப்படிப் பேசினாங்க. நீங்க ஒண்ணும் சொல்லல."

"அம்மாட்ட என்னத்தச் சொல்ல?" என்றார். பிறகு கடலைப் பார்த்தபடியே, நான் கேட்காத ஒன்றுக்குப் பதில் சொன்னார். "மாத்தல தள்ளிவைக்கக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. நான்தான் கேக்கல. கொஞ்ச நாள் எங்கயாவது தனியா இருந்தா தேவலன்னு இருந்துச்சு. ஒன் மேல ஒண்ணும் இல்ல. ஆபீசு, வீடு, ஆபீசு, வீடுன்னு மூச்சு முட்டுச்சு."

இத்தனை மாதமாக எனக்குத் தெரிந்திருந்ததைத்தான் அவர் சொன்னார். ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது உள்ளே ஏதோ சரிந்தது. எனக்கு மட்டும் மூச்சு முட்டவில்லையா என்று கேட்க வந்தது. கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் சண்டை போடவில்லை. மகள் வந்து கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்கும்வரை அப்படியே இருந்தோம். அவள் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மெடிக்கல் லீவு முடிந்ததும் அவர் திரும்பப் போனார். உடம்பைக் காரணம் காட்டி இங்கேயே கேட்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை. இந்தத் தடவை ஜெட்டிக்கு நானும் போனேன். கையில் பிஸ்கட்டும் மாத்திரையும் மட்டும் கொடுத்து அனுப்பினேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் கோழி வாங்கவில்லை. பத்துபஸ்தி அக்காவை வழியில் பார்த்தால் நின்று பேசுவேன், அவரும் கோழியைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கூப்பிட்டார். அங்கே ஒரு சேவல் கிடைத்திருக்கிறதாம். "அந்த மசாலா எப்படின்னு சொல்லு. நானே போடுறேன்."

"எதுக்கு? சாதாரணமாக் குழம்பு வைங்க" என்றேன்.

"சாதாரணமா வச்சா ரப்பரா இருக்கும். சொல்லு, கறியக் கையில எடுத்துட்டேன்."

சொன்னேன். முதலில் உப்பும் மஞ்சளும். தண்ணீரை வடியவிடுங்கள். துணியில் ஒற்றுங்கள், சோம்பேறித்தனம் பார்க்காதீர்கள். வினிகர் இருக்கிறதா? சிர்கா இருக்கிறது என்றார், அதே வினிகர்தான். பப்பாளிக்காய் எவ்வளவு என்று கேட்டார். ஒரு கரண்டி, அதற்கு மேல் கூடாது. அவர் ஒவ்வொன்றையும் பெங்காலி இன்ஜினியருக்கு இந்தியில் திருப்பிச் சொன்னார், உரலில் இடிக்கும் சத்தம் கேட்டது. போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டார் போல. அரைப்பது, பிசைவது, இருவரும் எதற்கோ சிரித்துக்கொள்வது எல்லாம் இங்கே என் அடுப்படியில் கேட்டது. நான் வெங்காயம் உரிக்க எடுத்தவள் உரிக்காமல் நின்றேன்.

"ஊறுற நேரம் ஃப்ரிட்ஜ்லதான் இருக்கணும். வெளிய வைக்காதீங்க" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

"ஃப்ரிட்ஜ்லதான் வைக்கிறேன்."

"கரண்ட் போச்சுன்னா?"

"போனா உடனே பொரிச்சிருவோம். நீ பயப்படாத."

"பயமில்ல."

"சரி" என்றார். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மகள் கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன். மறுநாள் காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது போனில் ஒரு செய்தி வந்திருந்தது. 'எழுந்தாச்சு. நல்லா இருக்கேன்.' நான் அனுப்பச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அங்கே கறி சாப்பிட்டால் மறுநாள் காலையில் அந்தச் செய்தி தவறாமல் வருகிறது. சில நாள் அதைப் பார்த்து மனசு நிறைகிறது. சில நாள் கோபம் வருகிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இவ்வளவையும் சுமந்துகொண்டு ஒரு வரி வருகிறதே என்று நினைப்பேன். பிறகு 'சரி' என்று ஒரு வார்த்தை திருப்பி அனுப்பிவிட்டு இறங்கி நடப்பேன்.